பார்கோடு ஏற்றுக்கொண்டால் கூப்பன் நல்லதாகிவிடுமா?

அமெரிக்காவில் மளிகைக் கூப்பன் சேர்ப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கல்லாவில் இயந்திரம் 'பீப்' என்று ஒலித்து விலையைக் குறைத்துவிட்டால் அந்தக் கூப்பன் செல்லும். செல்லாததென்றால் இயந்திரமே தள்ளியிருக்கும். ஆகவே அதை யார் அச்சிட்டார்கள், எந்த வழியாக வந்தது என்று பார்ப்பது வாங்குபவரின் வேலை இல்லை. இதோடு வேறு சில வாதங்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. நட்டம் வந்தாலும் அது பெரிய சோப்பு நிறுவனத்துக்குத்தான். பணம் கொடுத்தது கூப்பனுக்கு அல்ல, அதைக் கத்தரித்து அனுப்பிய உழைப்புக்கு. தேர்ந்த கை செய்த போலியைச் சாதாரண மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பார்? விலைவாசி ஏறிக் கிடக்கும் காலத்தில் இவையெல்லாம் நியாயத்தின் குரலாகவே காதில் விழுகின்றன. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்பதில்லை. முதல் வாதம் இயந்திரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பிறந்தது. மற்றவை அதன் மேல் கட்டப்பட்டவை.

இந்தக் கூப்பன் எப்படிப் பணமாகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். நம் ஊரில் சலவைத்தூளோடு வாளி இலவசம், மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சலுகைகள் பெரும்பாலும் பொட்டலத்தோடேயே வந்துவிடும். வாங்குபவர் தனியாக எதையும் கையில் கொண்டுபோவதில்லை. அமெரிக்க வழக்கம் வேறு. 1880களின் பிற்பகுதியில் அட்லாண்டாவில் ஒரு கோப்பை கோக்கோ கோலாவுக்கான இலவசச் சீட்டுகள் விநியோகிக்கப்பட்ட நாளிலிருந்து அங்கே சலுகை தனிச் சீட்டாகவே ஊருக்குள் சுற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் இணைப்பிலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ கிடைத்த சீட்டை வாங்குபவர் கல்லாவில் நீட்டுவார். கடை அந்த நிமிடமே தன் பணத்திலிருந்து ஒரு டாலரையோ இரண்டு டாலரையோ கழித்துக்கொள்ளும். பிறகு சேர்ந்த சீட்டுகளை மொத்தமாக, அவற்றை எண்ணிப் பிரிக்கும் ஓர் இடைநிறுவனத்துக்கு அனுப்பும். அங்கிருந்து கணக்கு உற்பத்தி நிறுவனத்துக்குப் போகும். எல்லாம் சரியாக இருந்தால் சீட்டின் மதிப்போடு, கையாண்ட செலவுக்காகச் சீட்டுக்கு 8 சென்ட் சேர்த்துக் கடைக்குப் பணம் வரும். ஆக, கல்லாவில் கடை தன் பணத்தை முன்னால் கொடுத்துவிட்டு, பின்னால் இன்னொருவரிடம் வசூலிக்கக் காத்திருக்கிறது. கூப்பன் உண்மையா பொய்யா என்ற தீர்ப்பு அந்த வசூலின்போதுதான் கிடைக்கிறது. 'பீப்' ஒலி அதற்கு எவ்வளவோ முன்னால் கேட்டு அடங்கிவிடுகிறது.

அப்படியானால் இயந்திரம் எதைத்தான் சரிபார்க்கிறது? பல ஆண்டுகள் புழங்கிய பழைய கூப்பன் பார்கோட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 12 இலக்கங்கள். முதலில் 5 என்ற எண். அது வந்தாலே 'இது பண்டம் அல்ல, கூப்பன்' என்று இயந்திரத்துக்குத் தெரியும். அடுத்த 5 இலக்கங்கள் நிறுவனத்தின் எண். அதற்கடுத்த 3 இலக்கங்கள் எந்தப் பண்ட வகைக்கானது என்பதைச் சொல்லும். பின்வரும் 2 இலக்கங்கள் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதைச் சொல்லும். கடைசி இலக்கம் முன்னால் உள்ளவற்றைக் கொண்டு கணக்குப் போட்டு வருவிக்கப்படும் சரிபார்ப்பு எண். அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. கூடையில் அந்த நிறுவனத்தின் அந்த வகைப் பண்டம் இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். இருந்தால் தொகையைக் கழிக்கும். 2011ஐ ஒட்டி இதன் இடத்தில் வந்த புதிய பார்கோடு இன்னும் நிறையத் தகவலைத் தாங்கும்: காலாவதித் தேதி, எத்தனை வாங்க வேண்டும் என்ற நிபந்தனை, வரிசை எண். ஆனால் அடிப்படை மாறவில்லை. சீட்டில் எழுதியிருப்பதைச் சீட்டிலிருந்தே படித்து, கூடையோடு ஒப்பிடுவதோடு இயந்திரத்தின் வேலை முடிந்துவிடும். 'இந்தச் சீட்டை நீங்கள் வெளியிட்டீர்களா?' என்று அது நிறுவனத்தைக் கேட்பதில்லை. கள்ள நோட்டில் எழுதியிருக்கும் தொகையைப் பிழையில்லாமல் வாசித்துச் சொல்லிவிட்டார் என்பதற்காக அதை யாரும் நல்ல நோட்டு என்று கொள்ள மாட்டார்கள். எண்களை அடுக்கும் முறை தெரிந்த எவரும் இயந்திரம் மறுக்காத ஒரு சீட்டை வீட்டுக் கணினியிலேயே உருவாக்கிவிடலாம். நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் படித்துவந்த ஒரு மாணவர் 2011இல் கைதானார். போலிக் கூப்பன்களைப் பரப்பியதோடு, அவற்றைச் செய்யும் முறையையும் மற்றவர்களுக்கு இணையத்தில் எழுதிக் கற்றுக்கொடுத்தார் என்பது வழக்கு. எழுதிக் கற்றுத்தரக்கூடிய அளவுக்கு எளிய ஒன்றை இயந்திரம் ஏற்பது எதற்கும் சான்று ஆகாது.

அடுத்தது, பயன்படுத்துபவர் வெறும் பார்வையாளர், குற்றம் செய்தவர் அச்சிட்டவர் மட்டுமே என்ற வாதம். இதற்கு வர்ஜீனியா பீச் நகரில் நடந்த வழக்கைவிடத் தெளிவான பதில் இல்லை. அங்கே ஒரு தம்பதி 2017 ஏப்ரல் முதல் 2020 மே வரை வீட்டிலிருந்தே போலிக் கூப்பன்களை வடிவமைத்து, அச்சிட்டு, சமூக வலைத்தளங்களிலும் டெலிகிராமிலும் ஆள் சேர்த்து நாடெங்கும் விற்றார்கள். 2021இல் மனைவிக்கு 12 ஆண்டும் கணவருக்கு 7 ஆண்டுக்கு மேலும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கடைகளுக்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கும் ஏற்பட்ட நட்டம் 3 கோடியே 18 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. வீட்டைச் சோதித்தபோது 10 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள கூப்பன்களும், கணினியில் 13,000க்கும் மேற்பட்ட பண்டங்களுக்கான வடிவங்களும் கிடைத்தன. இந்த எண்களையெல்லாம்விட முக்கியமானது, விற்றவர்களுக்குக் கிடைத்த தொகை: ஏறக்குறைய 4 லட்சம் டாலர். நட்டத்தோடு ஒப்பிட்டால் எண்பதில் ஒரு பங்கு. மீதி எழுபத்தொன்பது பங்கு எங்கே போனது? கழிப்பறைக் காகிதமாகவும் குழந்தைகளின் டயப்பராகவும் சலவைத்தூளாகவும், அந்தச் சீட்டுகளைக் கல்லாவில் நீட்டியவர்களின் அலமாரிகளுக்குப் போனது. அச்சிட்டவர் கருவியைக் கொடுத்தார். கடையிலிருந்து பண்டத்தை எடுத்து வந்த செயலை ஒவ்வொரு முறையும் செய்தவர் வாங்கியவர்தான். இந்தக் கணக்கு கண்முன் இருக்கும்போது பயன்படுத்துபவரை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே குழுவில் பணம் கட்டிச் சேர்ந்திருந்த ஒருவர்தான் கூப்பன் மோசடியைக் கண்காணிக்கும் 'கூப்பன் இன்ஃபர்மேஷன் கார்ப்பரேஷன்' என்ற அமைப்புக்குத் தகவல் தந்தார். அங்கிருந்துதான் விஷயம் அஞ்சல் துறை விசாரணையாளர்களுக்குப் போனது. உள்ளே இருந்த ஒருவருக்கு இது பொய் என்று தெரிந்திருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை என்று எப்படிச் சொல்வது?

'நட்டம் பெரிய நிறுவனத்துக்குத்தானே' என்பதற்குள் இரண்டு தவறுகள் இருக்கின்றன. நட்டம் எப்போதும் நிறுவனத்தின் தலையில்தான் விழும் என்பது ஒன்று. போலி என்று தெரிந்த சீட்டுக்குப் பணம் தர நிறுவனம் மறுக்கலாம். மறுத்தால் முன்பணம் கொடுத்த கடையின் கையில்தான் அந்தச் சுமை நிற்கும். மளிகைக் கடையின் நிகர லாபம் விற்பனையில் 1 முதல் 3 சதவீதம் என்ற அளவில்தான் இருக்கிறது. 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 2 டாலர் போலிக் கூப்பன் ஒன்றால் போனதைச் சரிக்கட்ட 100 டாலருக்கு வியாபாரம் நடக்க வேண்டும். பல மாநிலங்களில் கிளை பரப்பிய பெருங்கடை இதைத் தாங்கும். ஒரு சிற்றூரில் இருக்கும் ஒற்றைக் கடை எத்தனை தடவை தாங்கும்? வர்ஜீனியா வழக்கைப் போல நிறுவனமே ஏமாந்து பணம் கொடுத்துவிட்டாலும் கதை அங்கே முடிவதில்லை. இழந்ததை அது அடுத்த ஆண்டின் சலுகைத் தொகையைச் சுருக்கி ஈடுகட்டப் பார்க்கும். இரண்டாவது தவறு, அறத்தைப் பற்றியது. எதிராளி பெரியவர் என்பதால் பொய்ச் சீட்டு மெய்ச்சீட்டு ஆகிவிடுமா? அப்படி ஒரு விதியை ஏற்றுக்கொண்டால், யார் யாரைவிடப் பெரியவர் என்று ஒவ்வொருவரும் தம் வசதிக்கு அளந்துகொள்ளும் நிலைதான் வரும்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி எழும். அதை மழுப்பாமல் ஏற்க வேண்டும். கடைக்காரர்கள் மட்டும் யோக்கியமா? இல்லை. கூப்பன் மோசடியின் பழைய வரலாற்றில் கடைக்காரர்களுக்குப் பெரிய இடம் உண்டு. விற்காத பண்டத்துக்குக் கூப்பன்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து நிறுவனங்களிடம் பணம் கறந்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பிடிக்க 1977இல் அஞ்சல் துறை விசாரணையாளர்கள் 'பிரீன்' என்ற சலவைத்தூளுக்கு நியூயார்க் வட்டார நாளிதழ்களில் ஒரு கூப்பன் வெளியிட்டார்கள். அப்படி ஒரு சலவைத்தூள் எந்தக் கடையிலும் கிடையாது. யாரும் தயாரிக்கவும் இல்லை. ஆனாலும் அதை விற்றுவிட்டதாகக் கணக்குக் காட்டி, நாட்டின் பல மாநிலங்களிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளின் பெயரில் அந்தக் கூப்பன்கள் பணத்துக்காக வந்து சேர்ந்தன. வெட்கப்பட வேண்டிய செய்திதான். ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு, இன்றைய வாங்குபவர் போலிச் சீட்டைத் தாராளமாக நீட்டலாம் என்பது அல்ல. அன்று கடைகள் செய்ததும் இன்று சில வாங்குபவர்கள் செய்வதும் ஒரே காரியம்: தொலைவில் இருக்கும் நிறுவனம் நேரில் வந்து பார்க்காது என்ற தைரியத்தில், நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டிப் பணம் பெறுவது. கடைகளைக் குற்றம் சொன்ன அதே அளவுகோலை நமக்கும் பிடிக்கத்தான் வேண்டும்.

கத்தரித்த கூலிக்குத்தான் பணம் தந்தேன் என்ற வாதத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். ஏலத் தளங்களில் கூப்பன் விற்பவர்கள் 'இது சீட்டின் விலை அல்ல, என் நேரத்தின் விலை' என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். ஆனால் பெரும்பாலான கூப்பன்களின் அடியிலேயே பொடி எழுத்தில், விற்றாலோ கைமாற்றினாலோ நகலெடுத்தாலோ செல்லாது என்று நிறுவனம் அச்சிட்டிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை விற்பவர் எழுதிய ஒரு வரி மாற்றிவிடாது. அதோடு, 10 டாலர் கூப்பனுக்கு 5 டாலரும் 2 டாலர் கூப்பனுக்கு 1 டாலரும் கேட்டால், விலை சீட்டின் மதிப்பைப் பின்தொடர்கிறதே ஒழிய உழைப்பை அல்ல. இரண்டையும் கத்தரிக்க ஆகும் நேரம் ஒன்றுதான்.

இனி, இருப்பவற்றுள் வலுவான வாதத்துக்கு வருவோம்: போலியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஒருவகையில் இது உண்மை. வர்ஜீனியாவில் செய்யப்பட்டவை அசலிலிருந்து பிரித்தறிய முடியாதவை என்று அரசுத் தரப்பே சொன்னது. காகிதத்தையும் மையையும் பார்த்து நிபுணராலேயே சொல்ல முடியாததை, குழந்தையைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் ஒருவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் அதே வழக்கில் அரசுத் தரப்பு இன்னொன்றையும் சொன்னது: அந்தக் கூப்பன்களின் தொகை, எந்த அசல் கூப்பனும் தராத அளவுக்கு ஊதிப் பெருத்திருந்தது, பண்டம் ஏறக்குறைய இலவசமாகவே கைக்கு வந்தது. தோற்றம் பொய் சொன்னது, தொகை உண்மையைச் சொல்லிவிட்டது. எனவே கண் பார்க்க வேண்டிய இடம் அச்சு அல்ல. இந்தச் சீட்டால் நிறுவனத்துக்கு என்ன ஆதாயம் என்று கேட்டுப் பார்ப்பதே முதல் சோதனை. கூப்பனின் நோக்கம் புதிதாக ஒருவரை வாங்கவைப்பது, அல்லது ஒன்று வாங்குபவரை இரண்டு வாங்கவைப்பது. 25 டாலர் டயப்பர் கட்டுக்கு 2 டாலர் தள்ளுபடி தருவதில் அந்தக் கணக்கு புரிகிறது. 24 டாலர் தள்ளுபடி தருவதில் எந்தக் கணக்கும் இல்லை.

இரண்டாவது சோதனை, வந்த வழி. இதற்கு எந்த நிபுணத்துவமும் வேண்டாம். சீட்டு எப்படித் தன் கைக்கு வந்தது என்பது வைத்திருப்பவருக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். நாளிதழ் இணைப்பிலிருந்தோ பொட்டலத்திலிருந்தோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ கடையின் செயலியிலிருந்தோ வந்தால் ஐயமில்லை. வீட்டில் அச்சிட்டுக்கொள்ளும் கூப்பன் என்றால், அசலைத் தருபவர்கள் அதைப் படமாகத் திரையில் காட்டிச் சேமித்துக்கொள்ள விடுவதில்லை. நேரே அச்சுப்பொறிக்கு அனுப்பி, ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் இட்டு, ஒரு கணினிக்கு இத்தனைதான் என்று வரம்பு கட்டிவிடுகிறார்கள். ஆகவே மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ படக்கோப்பாகவோ பிடிஎஃப்பாகவோ, 'எத்தனை வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளுங்கள்' என்று வரும் கூப்பனைத் தொடாமல் விடுவதே நல்லது. நண்பர் நல்லெண்ணத்தோடு அனுப்பியிருக்கலாம். அவருக்கு அனுப்பியவரும் அப்படியே இருக்கலாம். அதனால் சீட்டு மெய்யாகிவிடாது. ஒரு பண்டத்தை முழுக்க இலவசமாகத் தரும் சீட்டை நிறுவனங்கள் வீட்டில் அச்சிட விடுவது மிக அரிது. ஒரே வரிசை எண் கொண்ட இரண்டு சீட்டுகள் கையில் இருந்தால் அவற்றில் ஒன்றாவது நகல். காலாவதித் தேதியோ, கடைக்காரர் அனுப்ப வேண்டிய முகவரியோ இல்லாத கூப்பனும் ஐயத்துக்குரியது. மேற்சொன்ன கண்காணிப்பு அமைப்பு, புழக்கத்தில் பிடிபட்ட போலிகளின் பட்டியலைத் தன் தளத்தில் படத்தோடு வெளியிடுகிறது. ஐயம் வந்தால் அதைப் பார்க்கலாம், நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டும் கேட்கலாம். இவற்றில் எதற்கும் பூதக்கண்ணாடி வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் ஒரு போலி கைக்கு வந்துவிட்டால், அப்போதுதான் ஒருவர் தெரியாமல் செய்தேன் என்று நேர்மையாகச் சொல்ல முடியும்.

வாட்ஸ்அப்பைப் பற்றிச் சொன்னதால் இன்னொரு வகைப் போலியையும் தொட்டுவிட வேண்டும். காஸ்ட்கோவின் 75 டாலர் கூப்பன், ஆல்டியின் இலவசக் கூப்பன் என்று சமூக வலைத்தளங்களில் திரும்பத் திரும்பச் சுற்றியவை கல்லாவை எட்டுவதற்காகச் செய்யப்பட்டவையே அல்ல. இணைப்பைத் தொட்டால் பெயர், முகவரி, தொலைபேசி எண் என்று கேள்விகள் வரும். இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லும். கூப்பன் மட்டும் வராது. இவை தங்களுடையவை அல்ல என்று அந்தக் கடைகளே அறிவிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இதே கடைகளில்தான் மாதச் சாமான் வாங்குகின்றன. குடும்பக் குழுக்களில் வரும் எதையும் நம்பும் பழக்கம் நம்மிடம் அதிகம் என்பதால் நாம் இரட்டிப்பு விழிப்போடு இருக்க வேண்டும்.

ஏழைக் குடும்பம் என்ன செய்யும் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. முட்டையும் பாலும் எட்டாத விலைக்குப் போகும்போது கூப்பன் ஒரு பொழுதுபோக்கு அல்ல. ஆனால் போலிக் கூப்பன் சந்தையில் ஏழைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2012இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் மூன்று பெண்கள் கைதானார்கள். வெளிநாட்டில் அச்சடித்த போலிகளை இணையதளம் வைத்து விற்றவர்கள். 4 கோடி டாலர் மதிப்புள்ள கூப்பன்களோடு வாகனங்களையும் துப்பாக்கிகளையும் ஒரு விசைப்படகையும் போலீசார் கைப்பற்றினார்கள். வாடகைக்கு வழியில்லாதவர்களின் கதையாக இது தெரியவில்லை. உண்மையில் தேவைப்படுபவருக்கு இந்த வியாபாரம் இழைக்கும் கேடு வேறு வடிவில் வருகிறது. போலி பெருகியபோது பல கடைகள் வீட்டில் அச்சிட்ட கூப்பன்களுக்கு வரம்பு போட்டன; இலவசப் பண்டச் சீட்டுகளை வாங்கவே மறுத்தன. அசல் கூப்பனை நீட்டியவரையும் காசாளர் சந்தேகத்தோடு பார்த்து, மேலாளரைக் கூப்பிட்டு, பின்னால் நிற்கும் வரிசையின் கண்முன்னே நிறுத்திவைத்தார். ஒன்றரை டாலரை மிச்சப்படுத்த வந்தவருக்கு இது சிறிய அவமானம் இல்லை.

கடைசியாக, தொழில்நுட்பம் இதைத் தீர்த்துவிடும், நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்பவர்களுக்கு. தீர்வு வந்துகொண்டிருப்பது உண்மை. 'தி கூப்பன் பீரோ' என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்தும் புதிய முறையில் ஒவ்வொரு கூப்பனுக்கும் ஒரே முறை செல்லும் தனி எண் உண்டு. கல்லாவிலிருந்து அந்த எண் மையப் பதிவேட்டுக்குப் போய், வெளியிடப்பட்டதுதானா, முன்பே பயன்படுத்தப்பட்டதா என்று அந்த நொடியே பதில் வரும். இயந்திரம் இத்தனை காலம் கேட்காமல் விட்ட கேள்வியை அது கேட்கத் தொடங்குகிறது. ஆனால் எல்லாக் கடைகளும் எல்லா நிறுவனங்களும் இதில் சேரும்வரை பழைய சீட்டும் கூடவே புழங்கும். அதற்குள் நிறுவனங்கள் காகிதத்தையே கைவிட்டுச் செயலிக்குள் போகின்றன. அதற்குக் காரணங்கள் பல, போலி அவற்றுள் ஒன்று. ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களும் இணையம் எட்டாத குடும்பங்களும் அந்தச் சலுகை விலைக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள். அந்தக் குறை எவ்வளவு முற்றியிருக்கிறது என்றால், செயலியில் தரும் தள்ளுபடியைக் காகிதத்திலும் தந்தாக வேண்டும் என்று சான் டியேகோ நகர மன்றம் 2025இல் கடைகளுக்கு ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.